ஆதரவை அளந்து பார்ப்பது எப்படி?
நகர்மன்றச் சீர்திருத்தமும் நம் மக்கள் பிரதிநிதிகளும்



கடனுக்குச் சரக்குக் கேட்டு ஒருவர் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? அவர் பேச்சை மட்டும் கேட்டு மூட்டையை இறக்கி விடுவதில்லை. இதற்கு முன் யாரிடம் வாங்கினார், தவணை தப்பாமல் கட்டினாரா, இப்போது கையில் என்ன இருக்கிறது என்று நாலு இடத்தில் விசாரிக்கிறோம். பிறகுதான் பேரேட்டில் அவர் பெயரை எழுதுகிறோம். ஆனால் இதே நாம், "உங்கள் கோரிக்கைக்கு என் முழு ஆதரவு உண்டு" என்று ஒரு கவுன்சிலரோ சட்டமன்ற உறுப்பினரோ மேடையில் சொல்லிவிட்டால், அதை ரொக்கமாகவே வரவு வைத்து விடுகிறோம். கைதட்டி, சால்வை போர்த்தி அனுப்பி வைக்கிறோம். பின்னால் தீர்மானம் வரும் நாளில் கணக்கு இடிக்கிறது.

நகராட்சி நிர்வாகத்தில் நம் குரல் எடுபட வேண்டும், நகர்மன்றம் மக்களுக்குப் பதில் சொல்லும் அமைப்பாக இருக்க வேண்டும் என்பது எல்லா ஊர்ச் சங்கங்களும் பேசுகிற விஷயம். இந்தச் சீர்திருத்தத்துக்கு நம் பிரதிநிதிகளிடம் உள்ள ஆதரவை எப்படி அளப்பது என்பதை ஒரு பாடமாகவே இங்கே பார்ப்போம்.

1. இதில் நமக்கு என்ன வந்தது?

கடை வாடகை, சொத்து வரி, தொழில் வரி, தொழில் உரிமம், குப்பை, சாக்கடை, சந்தைக் கட்டடம், வண்டி நிறுத்தம் ஆகியவற்றில் நகராட்சியின் கை படாதது ஒன்றும் இல்லை. அந்த நகராட்சியில் நமக்காகக் கேட்க ஆள் இருக்கிறாரா என்பது நம் கல்லாப்பெட்டியைத் தொடும் கேள்வி.

ஆள் இல்லாமல் இருந்த காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். சென்னை மாநகராட்சியின் மன்றம் 1973இல் கலைக்கப்பட்டது. மறுபடி தேர்தல் நடந்தது 1996இல். இடையில் 23 ஆண்டுகள். அதற்குள் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்து, 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு, அது முடிவதற்குள் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று அது விதித்தது. இருந்தும் 2016 அக்டோபரில் காலம் முடிந்த நகர மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான் தேர்தல் நடந்தது. ஐந்தாண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே நகரங்களை நடத்தினார்கள்.

அந்த இடைக்காலத்தில் 2018இல் சொத்து வரி உயர்த்தப்பட்டது. குடியிருப்பை விட வணிகக் கட்டடங்களுக்கே சுமை கூடுதல். அதை எதிர்த்துக் கேள்வி கேட்க எந்த ஊரிலும் மன்றம் இல்லை. 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. 2022 மார்ச்சில் மன்றங்கள் அமைந்தன. ஏப்ரல் தொடக்கத்திலேயே 25 சதவீதம் முதல் 150 சதவீதம் வரையிலான புதிய உயர்வு அறிவிக்கப்பட்டது. மன்றம் இல்லாதபோதும் வரி வந்தது, மன்றம் வந்த பிறகும் வரி வந்தது. எனவே மன்றம் இருந்தால் மட்டும் போதாது. அதில் இருப்பவர் எதற்கு, எப்போது, எப்படிக் கை தூக்குவார் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

பழைய செய்தி ஒன்றையும் நினைவில் வைக்கலாம். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கிய சென்னை மாநகராட்சியில் வணிக அமைப்புகளுக்கென்றே தனி இடங்கள் இருந்தன. இன்று அந்த ஏற்பாடு இல்லை. மற்ற வாக்காளர்களைப் போலவே வணிகர்களும் வார்டு உறுப்பினர் மூலமாகத்தான் பேச வேண்டும். ஆகவே அந்த உறுப்பினரின் மனநிலையை அறிவது நம் வேலையாகி விட்டது.

2. முதலில் எந்தக் கதவைத் தட்டுவது?

ஆதரவை அளப்பதற்கு முன், நாம் கேட்பது எந்த இடத்தில் முடிவாகும் விஷயம் என்று பிரித்துக் கொள்ள வேண்டும். அரிசி மண்டியில் போய் இரும்பு விலை கேட்கக் கூடாது. நான்கு கதவுகள் உள்ளன.

முதல் கதவு, நகர்மன்றம். மன்றக் கூட்ட நடவடிக்கைகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைப்பது, சந்தை மேம்பாடு குறித்து வணிகர்களைக் கலந்து பேசுவது, பகுதி சபைகளை ஒழுங்காகக் கூட்டுவது போன்றவற்றை மன்றமும் அதன் தலைவரும் மனம் வைத்தால் செய்ய முடியும். மேலே உள்ள அரசுக்குப் பரிந்துரைத் தீர்மானம் அனுப்பவும் முடியும்.

இரண்டாம் கதவு, மாநில அரசு. சட்டத்தின்கீழ் விதிகள் செய்வது, அரசாணை போடுவது அதன் வேலை. வார்டு குழுக்களையே எடுத்துக் கொள்ளுங்கள். மூன்று லட்சம் அல்லது அதற்கு மேல் மக்கள் தொகை உள்ள நகரங்களுக்கு மட்டுமே அரசியலமைப்பின் 243-எஸ் பிரிவு வார்டு குழுவைக் கட்டாயமாக்குகிறது. தமிழகத்தில் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022 ஜூனில் வெளிவந்தன. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி நாளன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன.

மூன்றாம் கதவு, சட்டமன்றம். நகர்மன்றத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பதா என்பதை மாநிலச் சட்டமே முடிவு செய்யலாம் என்று அரசியலமைப்பின் 243-ஆர் பிரிவு விட்டு விட்டது. இதை எந்த நகர்மன்றமும் தானாக மாற்ற முடியாது. 1998ஆம் ஆண்டில் நிறைவேறி நெடுங்காலம் கிடப்பில் இருந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், திருத்தங்களுடன் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதைத் திருத்த வேண்டுமானால் சட்டமன்றம்தான் திருத்த வேண்டும்.

நான்காம் கதவு, நாடாளுமன்றம். ஐந்தாண்டு ஆயுள், மாநிலத் தேர்தல் ஆணையம் போன்றவை அரசியலமைப்பிலேயே இருப்பவை.

கவனிக்க: கவுன்சிலரிடம் போய்ச் சட்டத் திருத்தம் கேட்டால் அவர் தயங்காமல் "ஆதரிக்கிறேன்" என்பார். அவருக்கு அதில் செலவே இல்லை. செய்ய முடியாததற்குத் தரும் ஆதரவு, கணக்கு இல்லாத வங்கியின் செக் போன்றது. யாரிடம் எது கேட்டால் அவர் கையில் உள்ளதோ, அதையே அவரிடம் கேட்க வேண்டும்.

3. ஒரு சீர்திருத்தத்தின் கதை

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையில் தமிழகம் கண்ட மாற்றங்களை வரிசையாகப் பாருங்கள்.

1996, 2001 தேர்தல்களில் மேயர், நகர்மன்றத் தலைவர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் மறைமுக முறை வந்தது. 2011இல் மீண்டும் நேரடி முறை. 2016இல் மறைமுக முறைக்குச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் தேர்தல் நீதிமன்ற உத்தரவால் நின்றது. 2018 தொடக்கத்தில் மீண்டும் நேரடி முறைக்குச் சட்டம். 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம் திரும்பவும் மறைமுக முறை. 2022 மார்ச் 4ஆம் தேதி மேயர்களும் தலைவர்களும் அந்த முறையிலேயே தேர்வானார்கள்.

இந்த வரிசையில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

ஒன்று: 2016, 2018, 2019 ஆகிய மூன்று மாற்றங்களும் ஒரே கட்சியின் ஆட்சியிலேயே நடந்தவை. மறைமுக முறைக்குக் கை தூக்கிய ஆளுங்கட்சி உறுப்பினர்களே, இரண்டாண்டு கழித்து நேரடி முறைக்கும் கை தூக்கினார்கள். அவர்களை இதற்காகக் குறை சொல்லிப் பயனில்லை. அரசியலமைப்பின் பத்தாம் அட்டவணைப்படி, கட்சியின் கட்டளையை மீறி வாக்களிக்கும் சட்டமன்ற உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். எனவே ஒரு சட்டமன்ற உறுப்பினரின் சொந்தக் கருத்தை மட்டும் கேட்டு, "நம் பக்கம் ஒரு ஓட்டு" என்று எழுதிக் கொள்வது தவறான கணக்கு.

இரண்டு: மாற்றங்கள் பெரும்பாலும் தேர்தல் நெருங்கும் வேளையில் வந்திருக்கின்றன. 2016 திருத்தம் அக்டோபர் தேர்தலுக்குச் சில மாதம் முன்பு. 2019 அவசரச் சட்டம் அடுத்த மாதமே ஊரகத் தேர்தல் நடக்கவிருந்த சமயத்தில். 2022இல் அமைந்த நகர மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு நிறைகிறது. ஒவ்வொரு முறையும் தேர்தல் அறிவித்த பிறகு மனுவோடு ஓடினால் கடை சாத்திய பிறகு சரக்குக் கேட்ட கதைதான். அளப்பதும் கேட்பதும் முன்னதாகவே நடக்க வேண்டும்.

இது நம் மாநிலத்துக்கு மட்டும் உரிய குணம் அல்ல. மகாராஷ்டிரத்தில் நகர்மன்றத் தலைவருக்கு 2016இல் நேரடித் தேர்தல் கொண்டு வந்தார்கள். ஆட்சி மாறியதும் 2020இல் நீக்கினார்கள். மறுபடி ஆட்சி மாறியதும் 2022இல் திரும்பக் கொண்டு வந்தார்கள்.

4. யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்?

ஒருவர் ஒரு மாற்றத்தை உண்மையாக ஆதரிப்பாரா என்று அறிய, அந்த மாற்றத்தால் அவர் பேரேட்டில் பற்று விழுமா, வரவு விழுமா என்று பார்த்தால் பாதி தெரிந்து விடும்.

நேரடித் தேர்தல் வந்தால் கவுன்சிலர் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கை இழக்கிறார். தலைவர் அவரைத் தேடி வர வேண்டிய தேவை குறைகிறது. சட்டமன்ற உறுப்பினருக்கோ, தம் தொகுதிக்குள்ளேயே ஊர் முழுவதும் வாக்கு வாங்கிய இன்னொரு பிரமுகர் உருவாகிறார். கட்சித் தலைமைக்கு, உறுப்பினர்களை வைத்துத் தலைவரை முடிவு செய்யும் வசதி போகிறது. ஆக, இம்மாற்றத்தில் இவர்கள் மூவருக்கும் ஏதோ ஒரு பற்று இருக்கிறது. இவர்களில் யாராவது மனதார ஆதரித்தால் அந்த ஆதரவுக்கு மதிப்பு அதிகம்.

இதற்கு நேர்மாறாக, 2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நல்ல சீர்திருத்தம். இருக்கிற உறுப்பினர் ஒருவருடைய இடத்தையும் அது பறிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். யாருக்கும் நட்டம் இல்லாத திருத்தம் எளிதில் கரை சேரும். நட்டப்படுபவர் இருந்தால், அவர் "ஆதரவு" என்று சொன்னாலும் ஒரு முறைக்கு இரு முறை எடை போட வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேரடி முறைதான் நல்லது, மறைமுக முறை கெட்டது என்று இக்கட்டுரை தீர்ப்புச் சொல்லவில்லை. நேரடியாக வந்த தலைவருக்கும் மன்றப் பெரும்பான்மைக்கும் ஒத்துப் போகாவிட்டால் ஊர் வேலை நின்று போகும். மறைமுக முறையில் தலைவர் மன்றத்துக்குக் கட்டுப்படுகிறார் என்ற நன்மை உண்டு. ஆனால் 33 வார்டு உள்ள ஊரில் 17 பேரைச் சரிக்கட்டினால் போதும் என்ற ஆபத்தும் உண்டு. எது வேண்டும் என்பதை அந்தந்த ஊர்ச் சங்கம் பொதுக்குழுவில் பேசி முடிவு செய்யட்டும். முடிவு எதுவானாலும் அளக்கும் முறை ஒன்றுதான்.

5. கட்சி வண்ணம் பார்த்து எண்ணாதீர்

சட்டமன்றத்தில் கட்டளைக்குக் கட்டுப்பட்டே கை உயரும். நகர்மன்றத்தில் அப்படி அல்ல. பத்தாம் அட்டவணை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு உரியது. கவுன்சிலர்களை அது கட்டுப்படுத்தாது. கேரளம் 1999இல் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கென்றே தனிக் கட்சித்தாவல் தடைச் சட்டம் செய்து கொண்டது.

நெல்லையில் நடந்தது நல்ல உதாரணம். 2024 ஜூலையில் மேயர் பதவி விலகினார். ஆகஸ்டில் புதிய மேயரைத் தேர்ந்தெடுக்க மாமன்றம் கூடியது. ஆளுங்கட்சி அணிக்கு அங்கே மிகப் பெரும்பான்மை. கட்சி வண்ணம் பார்த்து எண்ணியவர்கள் போட்டியே இருக்காது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் அதே கட்சியைச் சேர்ந்த இன்னொருவர் போட்டியிட்டார். அதிகாரபூர்வ வேட்பாளர் 30 வாக்கு பெற்று வென்றார். எதிர்த்தவருக்கும் 23 வாக்குகள் விழுந்தன.

காஞ்சிபுரத்தில் அதே 2024 ஜூலையில் வேறு விதமாக நடந்தது. மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்தார்கள். அதற்கு முன் எத்தனையோ எதிர்ப்புக் குரல்கள். கூட்டம் கூடிய நாளில் உறுப்பினர்கள் வரவில்லை. தீர்மானம் விழுந்தது.

நெல்லை சொல்வது: ஒரே கட்சி என்பதால் ஒரே வாக்கு என்று எழுதாதே. காஞ்சி சொல்வது: பேசியவர் எல்லாம் அன்றைக்கு வந்து உட்காருவார் என்று எழுதாதே.

6. ஆறு படி அளவுகோல்

இனி அளக்கும் முறைக்கு வருவோம். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அவர் செய்ததையும் சொன்னதையும் கொண்டு கீழ்க்கண்ட எண்ணைக் கொடுங்கள்.

5 – செய்து காட்டியவர். இதே பொருளில் முன்பு தீர்மானம் கொண்டு வந்தவர், மன்றத்தில் பதிவாகும்படி பேசியவர்.
4 – எழுதிக் கொடுத்தவர். கையொப்பமிட்ட கடிதம் தந்தவர்.
3 – பலர் அறியச் சொன்னவர். பொதுக்கூட்டத்திலோ பத்திரிகையிலோ தெளிவாகச் சொன்னவர்.
2 – தனியே தலையாட்டியவர். வீட்டில், கடையில், நாலு பேர் இல்லாத இடத்தில் சம்மதம் சொன்னவர்.
1 – "பார்க்கலாம்" என்றவர். தலைமையைக் கேட்க வேண்டும், காலம் வரட்டும் என்றவர்.
0 – மறுத்தவர்.

4, 5 இரண்டும் ரொக்கம். 3 என்பது தேதியிட்ட செக். மாறும், ஆனால் வங்கிக்குப் போன பிறகுதான் நிச்சயம். 2 வெறும் கைமாத்து வாக்கு. 1க்கு மதிப்பு இல்லை. 0 கெட்டது என்று எண்ண வேண்டாம்; தெளிவாக மறுப்பவரால் நம் கணக்கு தவறுவதில்லை. அவர் சொல்லும் காரணத்தைத் தனியே எழுதி வையுங்கள்.

7. ஒரு மாதிரிக் கணக்கு

33 வார்டு உள்ள ஒரு கற்பனை நகராட்சியை எடுத்துக் கொள்வோம். மன்ற நடவடிக்கைகளை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், பகுதி சபையில் வந்த மனுக்களுக்கு என்ன பதில் என்று அடுத்த மன்றக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானத்தைச் சங்கம் கேட்கிறது. "24 பேர் நம் பக்கம், கவலை வேண்டாம்" என்று ஒரு மூத்த உறுப்பினர் சொல்கிறார். சங்கம் ஆறு படி அளவுகோலில் அளந்து பார்க்கிறது.

5 பெற்றவர்கள் 3 பேர். 4 பெற்றவர்கள் 6 பேர். 3 பெற்றவர்கள் 5 பேர். 2 பெற்றவர்கள் 10 பேர். 1 பெற்றவர்கள் 5 பேர். 0 பெற்றவர்கள் 4 பேர். மொத்தம் 33.

மூத்த உறுப்பினர் பொய் சொல்லவில்லை. 2 முதல் 5 வரை கூட்டினால் 24 வருகிறது. ஆனால் ரொக்கம் 9 பேர்தான். தேதியிட்ட செக்குகளையும் சேர்த்தால் 14. எல்லோரும் வந்தால் தேவைப்படும் எண்ணிக்கை 17. மூன்று குறைகிறது. அந்த மூன்றும் தனியே தலையாட்டிய பத்துப் பேரிடமிருந்துதான் வர வேண்டும்.

எனவே சங்கம் இனி 33 பேரையும் சுற்ற வேண்டியதில்லை. அந்தப் பத்துப் பேரின் வீட்டுக்குப் போக வேண்டும். பத்தில் நாலைந்து பேரை 2இலிருந்து 4க்கு ஏற்றினால் தீர்மானம் பிழைக்கும்.

வருகையையும் கணக்கில் எடுங்கள். கூட்டத்துக்கு 27 பேர் வந்து வாக்களித்தால் 14 போதும். ஆனால் வராத ஆறு பேரில் மூவர் நம்மவராக இருந்தால் நம்மிடம் 11தான் மிஞ்சும். சென்ற ஆறு கூட்டங்களுக்கு யார் யார் வந்தார்கள் என்பதை நகராட்சி வருகைப் பதிவேட்டிலிருந்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டுப் பெறலாம். அதை ஒவ்வொருவர் எண்ணுக்கும் பக்கத்தில் எழுதிக் கொள்ளுங்கள். வராத ஆதரவாளரும் மறுத்தவரும் அன்றைக்கு ஒன்றுதான்.

8. சட்டமன்ற உறுப்பினரை அளப்பது வேறு

நம் ஊர் நகராட்சி பெரும்பாலும் ஒரே தொகுதிக்குள் அடங்கி விடும். சட்டமன்றத்தில் 234 பேர். முழு வருகை இருந்தால் 118 வேண்டும். நம் உறுப்பினர் அதில் ஒருவர். அவர் ஓட்டு கட்சி சொல்கிறபடி விழும். பிறகு அவரிடம் எதை அளப்பது?

ஓட்டுக்கு முன்னால் அவர் செய்யக் கூடியதை அளக்க வேண்டும். நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறையின் மானியக் கோரிக்கை வரும்போது இதைப் பற்றிப் பேசுவாரா? கேள்வி நேரத்துக்குக் கேள்வி கொடுப்பாரா? அமைச்சருக்குக் கடிதம் எழுதி அதன் நகலை நமக்குத் தருவாரா? நம் மனுவைச் சட்டமன்ற மனுக்கள் குழுவுக்குக் கொண்டு போவாரா? தம் கட்சிக்குள் தலைமையிடம் பேசுவாரா? இவை எவற்றுக்கும் கட்சிக் கட்டளை தடையில்லை. ஆதரிக்கிறேன் என்பவர் இவற்றில் ஒன்றையாவது செய்ய வேண்டும். ஒன்றும் செய்யாமல் "மசோதா வரட்டும், பார்ப்போம்" என்பவருக்கு எண் 1தான்.

கடந்த காலத்தில் அவர் அவையில் என்ன பேசினார் என்பதையும் பாருங்கள். அவை நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் இருக்கின்றன. உள்ளூர்ப் பேச்சும் அவைப் பேச்சும் ஒத்துப் போகிறதா என்று ஒப்பிட்டால் மிகுதி தானே விளங்கும்.

9. கேட்கும் முறை

கேட்கும் விதம் தவறானால் கிடைக்கும் பதிலும் தவறாகும். சில நடைமுறைகள்:

அ. எல்லோரிடமும் ஒரே கேள்வியை, ஒரே வார்த்தையில் கேளுங்கள். எழுதி எடுத்துச் செல்வது நல்லது. ஒருவரிடம் "வணிகர் நலனுக்கு ஆதரவு தருவீர்களா?" என்றும் இன்னொருவரிடம் தீர்மான வாசகத்தைக் காட்டியும் கேட்டால் இரண்டு பதிலையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆ. "ஆதரிப்பீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்த மாதக் கூட்டத்தில் இதைப் பொருளாகக் கொண்டு வருவீர்கள்? உங்களோடு யார் வழிமொழிவார்?" என்று கேளுங்கள். மனம் உள்ளவர் மாதத்தைச் சொல்வார்.

இ. மூன்று பேருக்கு மேல் போக வேண்டாம். அதில் ஒருவர் அந்த வார்டிலேயே கடை வைத்திருப்பவராக இருக்கட்டும். வரி பாக்கி வைத்திருப்பவரையும், அந்த உறுப்பினருக்கு எதிராகத் தேர்தலில் வேலை செய்தவரையும் அனுப்பாதீர்கள்.

ஈ. கட்சி நன்கொடை கேட்டு வரும் வேளையில் இதைப் பேசாதீர்கள். கொடுத்ததற்குக் கிடைத்த வாக்கு போலத் தோன்றும். அது நம் சங்கத்தின் பெயருக்கும் அவர் பெயருக்கும் நல்லதல்ல.

உ. பேசி வந்த அன்று மாலையே குறிப்பு எழுதுங்கள். அவர் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள். "நல்ல மனிதர், செய்வார்" என்பது நம் அபிப்பிராயம், அது குறிப்பாகாது.

ஊ. தனியே சொன்னதைச் சுவரொட்டியில் போடாதீர்கள். இன்று ஒருவரைச் சங்கடப்படுத்தினால் நாளை பத்துப் பேர் வாய் திறக்க மாட்டார்கள்.

எ. மாதம் ஒரு முறை எண்களைத் திருத்துங்கள். சென்ற ஆண்டுக் கையிருப்பை வைத்து இந்த ஆண்டு ஆர்டர் போட முடியாது.

ஏ. நம் உறுப்பினர்களிலேயே கவுன்சிலர் இருந்தால் அவருக்கும் இதே அளவுகோல்தான். சங்கத்தில் முன்வரிசையில் அமர்வதால் மன்றத்திலும் நம்மோடு அமர்வார் என்று எழுதி விடக் கூடாது. பல ஊர்களில் நம்மவரே 2இல் நிற்பதைக் காணலாம். அவருக்கும் கட்சி உண்டு, கான்ட்ராக்டர் உறவு உண்டு, அடுத்த தேர்தல் உண்டு.

10. மறுப்பவரின் காரணம்

மறுப்பவரைப் பகைவராக எண்ணிப் பட்டியலைக் கிழிப்பது நம் ஊர்களில் சாதாரணம். அவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் நமக்குப் பயன்படும். "பகுதி சபையில் கூட்டம் போட்டால் எதிர்க்கட்சியார் வந்து ரகளை செய்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னால், அவர் சபையை எதிர்க்கவில்லை, ரகளையை எதிர்க்கிறார். வணிகர் சங்கம் பொதுவாக நின்று கூட்டம் ஒழுங்காக நடக்க ஒத்துழைக்கும் என்று சொன்னால் அவர் 0இலிருந்து 3க்கு வர வாய்ப்புண்டு. "நடவடிக்கைகளை ஒட்டினால் எங்கள் பேச்சு வெளியே தெரியும்" என்று ஒருவர் சொன்னால் அவரிடம் மேற்கொண்டு பேசப் பயன் குறைவு. ஆனால் அந்தத் தகவலும் நமக்குத் தகவலே.

சங்கக் கிளைகளுக்கான பயிற்சி

அடுத்த செயற்குழுவுக்கு முன் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொரு கிளையும் செய்து பார்க்கக் கேட்டுக் கொள்கிறோம்.

1. உங்கள் ஊரில் நீங்கள் விரும்பும் சீர்திருத்தம் ஒன்றை இரண்டு வரியில் எழுதுங்கள். அது நான்கு கதவுகளில் எந்தக் கதவுக்கு உரியது?
2. அதனால் நட்டப்படுபவர் யார்? அவர் மன்றத்தில் எத்தனை பேரைக் கையில் வைத்திருக்கிறார்?
3. வார்டு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அளவுகோலில் எண் கொடுங்கள். இருவர் தனித்தனியே எண் கொடுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் வரும் பெயர்களை மறுபடி விசாரியுங்கள்.
4. ரொக்கம் எத்தனை, செக் எத்தனை, தேவை எத்தனை? இடைவெளியை நிரப்பக் கூடிய பெயர்கள் எவை?
5. உங்கள் சட்டமன்ற உறுப்பினர் இதுவரை நகராட்சிகள் குறித்து அவையில் என்ன பேசியிருக்கிறார்? அவரிடம் கேட்க வேண்டிய ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள்.

பட்டியல் தயாரான பிறகு, தேவையான எண்ணிக்கை கையில் இல்லை என்று தெரிந்தால் தீர்மானத்தை அவசரப்பட்டு மன்றத்துக்குக் கொண்டு போக வேண்டாம். ஒரு முறை தோற்ற தீர்மானத்தை மறுபடி எடுப்பது, ஒரு முறை திரும்பிய சரக்கை மறுபடி விற்பது போல் கடினம். இரண்டு மாதம் பொறுத்து அந்தப் பத்துப் பேரைப் பார்த்து விட்டுப் போகலாம்.

எண்ணிக்கை கையில் இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். மன்றங்களின் காலம் ஐந்தாண்டு மட்டுமே.